சாவி யார் கையில் இருந்தது?

எந்த ஆலையில் தீப்பிடித்தாலும் மறுநாள் பேப்பரில் இரண்டு வார்த்தைகள் தயாராக இருக்கும். ஒன்று மின்கசிவு. இன்னொன்று தொழிலாளியின் கவனக்குறைவு. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. கம்பிக்கும் வாய் கிடையாது. கதை முடிந்தது.

கொல்லிமலை எடப்புளி நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சுதான் இதை எழுத வைக்கிறது. அந்த வீட்டுப் பெண் கீழ்நாட்டில் ஒரு நூற்பாலைக்கு மூன்று வருச ஒப்பந்தத்தில் போனவள். மரவள்ளிக்கு விலையில்லாத வருசம். கடைசியில் மொத்தமாகப் பணம் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று புரோக்கர் வந்து கூட்டிப்போனான். ஒரு ராத்திரி பஞ்சுக் குடோனில் தீ. புகை விடுதிக்குள் ஏறுகிறது. விடுதிக் கதவு வெளியே பூட்டு.

"சாவி வார்டன் கையில. அவங்கள எழுப்பிக் கூட்டியாறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு" என்றாள். யாரும் சாகவில்லை. சாகாததால் அது செய்தியும் இல்லை. அவள் அம்மாதான் கேட்டார்: "தீ கரண்டுல வந்துச்சுங்கறாங்க, சரி தம்பி. பூட்டும் கரண்டுலயா வந்துச்சு?"

எம்.ஏ. வரைக்கும் படித்த எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

தீ எப்படி வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பஞ்சுப் பொதியோடு வந்த ஒரு இரும்புத்துண்டு எந்திரப் பல்லில் உரசினால் பொறி. அந்தப் பொறி காற்றுக்குழாய் வழியே அடுத்த எந்திரத்துக்குப் போகும். எண்ணெய் காணாத பேரிங் கொதிக்கும். மோட்டாரில் பஞ்சு அடைந்தால் பற்றும். பட்டாசு ஆலையில் உராய்வு, அடி, உடம்பில் சேரும் நிலைமின்சாரம், அலுமினியப் பொடியில் பட்ட ஈரம், முந்தின நாள் மீந்துபோன கலவை. வேலை செய்கிற பொம்பளைக்கே இதெல்லாம் தெரியும். ஆனால் எந்திரத்தை நிறுத்திப் பஞ்சைத் துடைக்க அவளுக்கு உரிமை உண்டா? ‘புரொடக்‌ஷன்’ குறைந்தால் யார் திட்டு வாங்குவது? கவனக்குறைவு என்று எழுதுகிறவர்கள், கவனமாக இருக்க அவளுக்கு எத்தனை நிமிசம் கொடுத்தார்கள் என்று ஏன் எழுதுவதில்லை?

இந்த மலையிலிருந்து தூரமில்லை துறையூர். அங்கே தா.முருங்கப்பட்டி வெடிமருந்து ஆலையில் 2016 டிசம்பர் 1 அன்று ஒரு கட்டடமே இல்லாமல் போனது. செத்தவர்கள் இருபதுக்கு நெருக்கம். உடல்கள்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்டிருந்த ஆலை அது. ஆனாலும் வேலை நடந்தது, நூற்றுக்கணக்கில் ஆள் உள்ளே. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலபேருக்கு உள்குத்தகையில். பொறி எதில் கிளம்பியது என்று ஆராயட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஆராய்ச்சி உள்குத்தகைப் பணம் எந்தப் பைக்குப் போனது என்றும் பார்க்கட்டும்.

முதலிப்பட்டிக்கு ஆறு நாள் கழித்து கராச்சியில் ஒரு துணி ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரம் முன்புதான் அந்த ஆலைக்கு உலகத்தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. முதலில் மின்கசிவு என்றார்கள். 2020இல் நீதிமன்றம் அது தீவைப்பு என்று தீர்ப்புச் சொன்னது. தீயின் காரணம் மாறிவிட்டது. கம்பி அடித்த ஜன்னலும் பூட்டிய கதவும் மாறவில்லை. தீக்கு ஒரு காரணம், சாவுக்கு வேறு காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் முதலாளி தப்பிக்கிறான்.

ஏன் பூட்டுகிறார்கள்? 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் தையலாலையில் 146 பேர் செத்தபோதும் ஒரு வாசல் பூட்டியிருந்தது. தொழிலாளி துணியைத் திருடிவிடுவாள் என்ற சந்தேகம். இங்கே மலைப்பெண் ஓடிவிடுவாள், சேரிப்பெண் எவனோடாவது போய்விடுவாள் என்ற சந்தேகம். தன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் வெளியே பூட்டிவிட்டுச் சாவியோடு தூங்கப்போவானா? அந்தப் பூட்டில் இருப்பது பாதுகாப்பு அல்ல, சாதி.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் சனம் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். அங்கே தீ வைத்தார்கள். ஆலையில் வைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வராதபடி செய்தது யார் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் அது 20 ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்பது 40. சின்னப் பட்டறைகளில் எரிகிறவர்களைத் தொழிற்சாலைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் விபத்து குறைந்ததாகக் காட்டலாம்.

ஆடியில் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. மேடையில் தமிழறிஞர்கள் கொல்லிப்பாவையின் சிரிப்பை வியக்கிறார்கள். கல்லில் இருக்கிற பெண்ணுக்கு அத்தனை வார்த்தை. எழுபது வளைவு இறங்கி மில்லுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

தோழர்களே, அடுத்த தீ செய்தி வரும்போது மலர்வளையத்தோடு போகாதீர்கள். கேள்விகளோடு போங்கள். எத்தனை வாசல்? எது பூட்டியிருந்தது? உரிமம் யார் பெயரில், வேலை வாங்கியது யார்? எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் உள்ளே? சாவி யார் கையில்? பதிலை எழுத்தில் வாங்காமல் நிவாரணக் காசோலையோடு போட்டோவுக்கு நிற்க விடாதீர்கள்.

எடப்புளி நாட்டு அந்தப் பெண் திரும்ப மில்லுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முடியாததால் மொத்தப் பணமும் இல்லை என்றுவிட்டார்கள். பூட்டின விடுதியில் இரண்டு வருசம் உழைத்த கூலி அது. அதை வாங்கித் தருவதிலிருந்துகூட நாம் தொடங்கலாம்.