ஒருவர் காய்ச்ச, ஒருவர் வரைய

மாட்டுக்குக் குறிசுட்டுப் பழகியவர்கள் நாம். அதேபோலப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகையில் பூவும் கொடியும் வரையலாம். வயலை விட்டு வந்தோரின் வெறும் மாலைப்பொழுதுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யத்தக்க கைவேலை இது.

கம்பி விரைவில் ஆறிவிடும். ஆகவே ஒன்று கையிலிருக்க, மற்றொன்று நெருப்பில் இருக்கவேண்டும். ஒருவர் காய்ச்சிக் கொடுக்க, மற்றவர் வரையலாம். ஆனால் நெருப்பு ஊதுவது எப்போதும் மனைவியின் பங்காகிவிடக் கூடாது. கோலம் போட்ட கைக்குக் கோடு இலகுவில் வரும். பலகைக்குப் பலகை இடம் மாறுங்கள்.

வர்ணம் பூசிய பலகை வேண்டாம். அதன் புகை நஞ்சு. வெளியில், பிள்ளைகளைத் தள்ளி இருத்திச் செய்யுங்கள்.

விற்றாலும் வருமானம் சிறிதே. ஆயினும், இழந்ததையே பேசிக்கொண்டிருந்த இருவர், அடுத்து எதை வரைவது என்று பேசத் தொடங்குவார்கள். அதுவே பெரிய வரவு.