ஈற்றுக்கு மூன்று குட்டி: புலி ஏன் பெருகவில்லை?

கேள்வி: பசு ஒன்பது மாதம் சுமந்து ஒரு கன்றுதான் ஈனுகிறது. புலி மூன்றரை மாதத்திலேயே மூன்று, நான்கு குட்டி போடுமாம். அப்படியானால் ஆடு மாதிரிப் பெருகியிருக்க வேண்டாமா? அதைக் காக்க ஏன் இவ்வளவு பாடு?
- வாசகர், சேத்தியாத்தோப்பு.

பதில்: நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் பிறப்புக் கணக்கை மட்டும் போட்டிருக்கிறீர்கள். வளர்ப்புக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காளை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கருமுட்டை வெளிப்படும். புலியோ பூனை இனம். இணை சேரும் தூண்டுதலில்தான் பெரும்பாலும் கருமுட்டை வெளிவரும். அதனால் ஆணும் பெண்ணும் சில நாள் ஒன்றாகத் திரிந்து பலமுறை சேரும். சினைக்காலம் சுமார் 105 நாள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள்.

குட்டிகள் கண் திறக்காமல் பிறக்கும். தாய் ஒற்றையாக வேட்டையாடி, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை அவற்றை வளர்க்க வேண்டும். குட்டிகள் பிழைத்திருந்தால் அதுவரை மறு ஈற்று இல்லை. பிறந்தவற்றில் ஏறக்குறைய பாதி வளரும் முன்பே இறந்துவிடும். புதிய ஆண் அந்தக் காட்டைப் பிடித்தால், முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு.

ஆகவே ஈனும் பெண் புலிதான் காட்டின் முதல். மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டில் 2009-இல் புலியே இல்லாமல் போனது. வேறு காடுகளிலிருந்து இரண்டு பெண் புலிகளையும் ஓர் ஆணையும் கொண்டுவந்து விட்டார்கள். 2010 ஏப்ரலில் முதல் ஈற்று. அங்கிருந்து இனம் மீண்டது. தமிழ்நாட்டிலும் 2018-இல் 264 ஆக இருந்த புலிகள், 2022 கணக்கெடுப்பில் 306 ஆயின.

இதைக் கெடுப்பது ஒரு கைப்பிடி விஷம். 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. விஷம் வைத்த மாட்டுச் சடலத்தைத் தின்றதே காரணம் என வனத்துறை கண்டறிந்தது. மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் நமக்குப் புரியும். ஆனால் பால் கொடுக்கும் தாய்ப்புலி செத்தால் புதரில் கிடக்கும் குட்டிகளும் பட்டினியில் சாகும். அந்தச் சடலத்தைத் தின்னும் நாயும் கழுகும் தப்பாது. விஷம் வைத்தவர் மேல் வழக்கும் வரும்.

நம் பக்கம் புலி இல்லை. காட்டோரம் நிலமோ உறவோ உள்ளவர்கள் கவனிக்க: புலி மாட்டை அடித்தால் சடலத்தை அகற்றாதீர்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று பெற்று, வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். பூச்சிமருந்து பயிருக்கு மட்டும்தான்.