ஈர்க்கில் கட்டும் சம்பளக் கணக்கும்



"பள்ளிக்கூடத்தில் பிள்ளை சிரட்டையும் ஈர்க்கிலும் வைத்து விளையாடுகிறதாம். கணக்கு எப்போது படிப்பிப்பீர்கள்?" தன்னாமுனைப் பக்கத்துத் தென்னந்தோட்டத் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். காத்திருந்து பெற்ற கல்வி வீணாகிவிடுமோ என்று அஞ்சுவது இயல்பு.

அந்த ஈர்க்கிலைக் கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். நான்கு பிள்ளைகள் ஒரு குழு. ஒருவர் எண்ணுவார், ஒருவர் பத்துப் பத்தாகக் கட்டுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் சரிபார்ப்பார். 37 உடன் 28 ஐக் கூட்ட வேண்டும். ஐந்து கட்டுகளும் பதினைந்து உதிரியும் வரும். உதிரியில் பத்தைக் கட்டினால் ஆறு கட்டு, ஐந்து உதிரி. விடை 65. உடனே அதைக் கொப்பியிலும் எழுதுகிறார்கள். அடுத்த கணக்குக்கு வேலை மாறும். கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றையும் தானே செய்துவிட முடியாது. கூச்சப்படும் பிள்ளை மூலையில் ஒதுங்கவும் முடியாது.

கழித்தலுக்குப் பலகையில் "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். "அந்தக் கடனை எப்போது சேர் திருப்பிக் கொடுப்பது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கடைக் கொப்பியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? ஈர்க்கில் கட்டில் கடன் இல்லை. நமது கட்டை நாமே அவிழ்த்துப் பத்தாக்குகிறோம். அதைக் கையால் செய்த பிள்ளை மறப்பதில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் 1, 2 இல் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் தருகிறது. எழுத்து வேலை மேல் தரங்களில் படிப்படியாகக் கூடும். தமிழ்நாட்டிலும் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் போனது.

சென்ற வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு தோழர் தான் வேலைக்குப் போன நாட்களை வீட்டுச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வந்தார். சம்பளத் துண்டில் 23 நாள் இருந்தது. குறைகிறது என்று தெரிந்தும் அவருக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. தரம் 3 இல் படிக்கும் மகள் கோடுகளைப் பத்துப் பத்தாக வளைத்தாள். இரண்டு வளையம், ஐந்து உதிரி. இருபத்தைந்து! சங்கப் பிரதிநிதியோடு போய்க் கேட்டோம். இரண்டு நாளும் அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்தது. நாட்கூலி 1,200 ரூபா என்றால் அது 2,400 ரூபா. ஒரு வீட்டின் ஒரு வாரத்து அரிசியும் மீனும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை எழுத்தில்தான் நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் பத்து என்றால் என்னவென்று கையால் அறியாத பிள்ளைக்கு வாய்ப்பாடு வெறும் ஓசைதான். தரம் 1 பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பும் காசு அந்தப் பிள்ளையின் முட்டைக்கும் பாலுக்கும் போகட்டும்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. புளியங்கொட்டை, சிரட்டை, ஈர்க்கில் கொடுத்தனுப்புங்கள். மாத முடிவில் சம்பளத் துண்டைப் பிள்ளையோடு இருந்து எண்ணிப் பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள். கிளைக் கமிட்டிகளும் இதைச் சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியில் எழுத வேண்டும்.

ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்கப் பழகும் பிள்ளைகளை நாளைக்கு எந்தக் கணக்கப்பிள்ளையும் ஏமாற்ற முடியாது.