ஏர்பேக் போட்டா எடை குறையாது மக்களே!

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சி, ஆஃப் டன் பிக்கப் இருக்கு. கேம்பர் ஒண்ணு சல்லிசா வருது. பின்னாடி ஏர்பேக் போட்டா தாங்கிடும்ல?"

போன வருஷம் நான் கேட்ட அதே கேள்வி. அதனால்தான் இந்தப் புலம்பல்.

தெரியாதவங்களுக்கு: இது மோதினா முகத்துக்கு முன்னாடி வெடிக்கிற ஏர்பேக் இல்ல. பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவுல வைக்கிற ரப்பர் காற்றுப்பை. கேம்பர்னா, பிக்கப்போட பெட் மேல தூக்கி வைக்கிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க் எல்லாம் உண்டு.

இங்க அமெரிக்காவுல டிரைவர் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு. என் வண்டிக்கு 1,560. கேம்பர் பிரவுச்சர்ல 1,650. "90 பவுண்டுதானே, ஏர்பேக் பாத்துக்கும்"னு கடைக்காரர் சொன்னார். பெட்டி மேலயும் 5000னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. நானும் இஞ்சினியரிங் படிச்சவன்தான், தலையாட்டிட்டு வந்தேன்.

அந்த 1,650 காலி எடை. ஏசி, ஆனிங், ஜாக் 300. 30 கேலன் தண்ணி 250 (கேலனுக்கு 8.34). கேஸ், பேட்டரி 150. நான், தங்கமணி, குழந்தை 340. அரிசி, குக்கர், துணிமணி 250. ஆக மொத்தம் 2,940. அனுமதிச்சதைவிட 1,380 பவுண்டு அதிகம்!

ஏர்பேக்ல காத்தடிச்சதும் வண்டி சும்மா நேரா நின்னுச்சு. அதான் பிரச்சினையே. கலிஃபோர்னியாவுல கிரேப்வைன் இறக்கம், 6 சதவீத சரிவு. பாதி வழியில பிரேக் கருகுற நாத்தம். பெடல் மெத்துனு உள்ள போகுது. பக்கத்துல லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி தொட்டில் மாதிரி ஆடுது. பின்சீட்ல குழந்தை தூங்கிட்டிருக்கா. கியரைக் குறைச்சு, ஓரங்கட்டி நிறுத்தினப்போ கை நடுக்கம் நிக்கவே இல்ல.

அப்புறம்தான் எடை மேடையில ஏத்தினேன். பின் அச்சுல 4,850. அச்சோட வரம்பு 3,800. டயர்ல 2,535னு எழுதியிருக்கும், ஆனா கார் டயரை டிரக்ல மாட்டினா அதை 1.10-ஆல வகுக்கணும். ரெண்டு டயருக்கும் சேர்த்து 4,609தான். டயரும் ஓவர்லோடு!

கோடு எழுதறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எக்ஸப்ஷனை கேட்ச் பண்ணி ஒண்ணும் செய்யாம முழுங்குறதுக்குப் பேருதான் ஏர்பேக். எர்ரர் மெசேஜ் போயிடும், பக் அங்கேயே இருக்கும். பின்பக்கம் தொங்குறது வண்டி நமக்குச் சொல்ற எச்சரிக்கை. அதை மறைச்சுட்டா அச்சு, பேரிங், டயர், பிரேக் எதுவும் பலமாகிடாது. ஏர்பேக் தயாரிக்கிறவங்களே மேனுவல்ல வண்டியோட எடை வரம்பைத் தாண்டாதேன்னுதான் எழுதுறாங்க. யார் படிக்கிறா?

"எல்லாரும் இப்படித்தான் போறாங்க, ஒண்ணும் ஆகலையே"ம்பாங்க. ஊர்ல ஓவர்லோடு மணல் லாரியைப் பாத்து திட்டுற அதே வாய்! வள்ளுவர்கூட மயிலிறகா இருந்தாலும் அளவுக்கு மீறி ஏத்தினா அச்சு முறியும்னுதான் சொன்னார். ஸ்பிரிங் தொங்கும்னு சொல்லல.

சஸ்பென்ஷன் அப்கிரேடே வேண்டாம்னு சொல்லல. எடை வரம்புக்குள்ள இருந்தா தாராளமா பண்ணுங்க. கேம்பர் உயரமான சாமான், ஆடத்தான் செய்யும். அதுக்குத் தடிமனான ஸ்வே பார், நல்ல ஷாக். ஏர்பேக்னா இடது, வலதுக்குத் தனித்தனி ட்யூப் (ஒரே ட்யூப்னா வளைவுல காத்து அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாயும்). கேம்பரோட எடைமையம் பின் அச்சுக்கு முன்னாடியே இருக்கணும். பின்னாடி போனா முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது.

ஆனா முதல்ல ஸ்டிக்கரைப் படிங்க, அப்புறம் கேம்பரைப் பாருங்க, கடைசியா சஸ்பென்ஷன். நாம எல்லாரும் தலைகீழா பண்றோம். கனமான கேம்பர்தான் வேணும்னா ஒரு டன் வண்டி, பின்னாடி நாலு சக்கரம் வெச்சது வாங்குங்க. காசில்லையா? கூடாரம் போடுங்க. நான் இப்ப அதான் பண்றேன்.

டிஸ்கி: கேம்பரை வித்தாச்சு. வாங்கினவர்கிட்ட ஒரு டன் டிரக் இருக்கான்னு கேட்டுட்டுதான் வித்தேன்.