முகத்துக்கு எத்தனை விலை?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் போனக்காடு. அகஸ்தியர்கூடத்துக்கு மலையேறப் போகிறவர்களுக்கும், பாழடைந்த பங்களாவில் பேய் உண்டா என்று பார்க்க வருகிறவர்களுக்கும் தெரிந்த ஊர். அங்கேயே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. தேயிலைத் தொழிற்சாலை நின்று போய், லயங்களின் கூரை இற்றுக் கிடக்கும் இடத்தில் அவர்களுடைய பயங்கள் வேறு. தலைக்கு மேல் ஓடு, காலடியில் வழுக்குப் பாறை, பாதையோரம் கரடி. மூன்றில் எது வென்றாலும் அடி விழுவது பெரும்பாலும் முகத்தில்.

முகத்தில் அடிபட்டால் என்ன செலவாகும்? ஒரு பல்லிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். வேரோடு விழுந்த பல்லைத் தேய்த்துக் கழுவாமல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால், மறுபடி பொருத்திப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. நகரத்தில் ஆட்டோ பிடித்தால் போதும். மலைக்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு இருப்பது மூன்று வழி: கழற்றி மாட்டும் பல் செட், இரு பக்கத்து நல்ல பல்லையும் ராவி, மேலே கட்டும் பாலம், எலும்பில் டைட்டானியம் திருகு ஏற்றி அதன் மேல் வைக்கும் பல். ஒன்றைவிட அடுத்ததற்குப் பணம் அதிகம். எதுவும் ஒரே தடவையோடு முடிகிற வேலையும் அல்ல.

தாடை எலும்பு முறிந்தால் கதை இன்னும் நீளும். வாயைக் கம்பியால் கட்டி நான்கு முதல் ஆறு வாரம் வரை நீர் ஆகாரம்தான் என்று சொல்லலாம். அந்த நாட்களில் கூலி இல்லை. துணைக்கு வந்தவருக்கும் கூலி இல்லை. 1959ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஒவ்வொரு தடவையும் போக 60, வர 60 கிலோமீட்டர். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கைகொடுக்கும் அரசு காப்பீடு படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தாடையைச் சேர்க்க உதவும். போன பல்லுக்குப் பதில் பல் கட்டுவது வெளிநோயாளி விவகாரம் என்பதால் அது கைக்காசு.

சரி, இழப்பீடு? இங்கேதான் வேடிக்கை. ஒரே முகத்துக்கு நம் சட்டங்கள் வேறு வேறு விலை போடுகின்றன.

வேலையில் அடிபட்டவருக்கு 1923ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணை தந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம். முகம் ‘மிகக் கடுமையாகச்’ சிதைந்தால் 100 சதவீதம். மாதம் ரூ.10,000 வாங்கும் 40 வயதுக்காரருக்கு இது ரூ.11 லட்சத்துக்கு மேல் வரும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, அட்டவணை தொடர்கிறது. அதில் எங்கு தேடினாலும் பல் கிடையாது. பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் குறைந்தது என்று மருத்துவர் எழுத வேண்டும். முன்பல் நான்கு இல்லாதவர் கொழுந்து பறிக்க மாட்டாரா என்ன? பறிப்பார். எனவே சதவீதமும் சுருங்கும்.

அதே முகத்தை பஸ் மோதியிருந்தால் வழக்கு வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வலி, வேதனை, வாழ்க்கைச் சுகம் குறைந்தது, திருமண வாய்ப்பு பாதிக்கப்பட்டது எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம் என்று 2010ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலைப்புகளை வரிசைப்படுத்தியது. அமிலம் வீசப்பட்டவருக்குக் குறைந்தது ரூ.3 லட்சம் தர வேண்டும் என்று 2013ல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

கரடியாக இருந்தால்? 2022 நவம்பரில் இதே மலைத் தொடரின் கிழக்குச் சரிவில், தென்காசி மாவட்டம் கடையம் அருகே வழியில் போன ஒருவரையும் அவரைக் காப்பாற்றப் போன இருவரையும் கரடி தாக்கியது. மூவருக்கும் முகத்தில் படுகாயம். தலையையும் முகத்தையும் குறிவைப்பது கரடியின் வழக்கம். மத்திய அரசுத் திட்டப்படி வன விலங்கால் மரணமோ நிரந்தர முடக்கமோ நேர்ந்தால் ரூ.10 லட்சம், 2023 டிசம்பருக்கு முன்பு அது ரூ.5 லட்சம். பலத்த காயத்துக்கு ரூ.2 லட்சம். கை கால் நன்றாக இருந்து முகம் மட்டும் போனவரை எந்தத் தட்டில் வைப்பார்கள் என்று ஊகிக்க அதிக நேரம் வேண்டாம்.

பல்லை மதிக்கிற சட்டமும் ஒன்று இருக்கிறது. 1860ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், எலும்பு முறிவோடு பல் உடைவதையும் பெயர்வதையும் ‘கொடுங்காயம்’ என்றது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையும் அதையே சொல்கிறது. வேண்டுமென்றே ஒருவர் பல்லைத் தட்டியவருக்கு ஏழாண்டு வரை சிறை. அதே பல்லை முதலாளியின் கூரை தட்டினால் அட்டவணையில் இடமில்லை.

லயம் இடிந்து காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துடையது என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்கவும் உரிமை உண்டு. அடிபட்ட அன்றே எந்தப் பல், எத்தனை பல் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். புகைப்படம் எடுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். கோரிக்கையை இரண்டு வருடத்துக்குள் கொடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு நிர்வாகமே படுத்துவிட்டால் யாரிடம் வசூலிப்பது? சாலையில் ஓடும் ஸ்கூட்டருக்குக்கூட இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆள் குடியிருக்கும் லயத்துக்கும் அதைக் கட்டாயமாக்கலாம். அட்டவணையில் பல்லுக்கு ஒரு வரி சேர்க்கலாம். விபத்தில் போன பல்லைக் கட்டும் செலவை அரசு காப்பீடு ஏற்கலாம். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு, காயம் எதனால் வந்தது என்ற கேள்வி பெரிதல்ல. சட்டத்துக்கு மட்டும் அதுதான் முதல் கேள்வி.