ஊதியமும் நேரமும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. ஓய்வூதியத்தோடு அளவான வேலைநேரமும் அதனுள் அடங்கியிருந்தமையை எம்மவர் மறந்தனர். இன்று தனியார் நிறுவனத்தின் பெருஞ்சம்பளத்தை விடுத்து, மாலை நாலேகாலுக்குக் கந்தோரை விட்டு வெளியேறக்கூடிய பதவியை நாடும் பட்டதாரி ‘சோம்பேறி’ என இகழப்படுகிறான்.

இவ்விகழ்ச்சியால் நன்மை பெறுவோர் யாவர்? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. மிகுதிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் விதித்தது. ஆயின் ‘நிறைவேற்று அதிகாரி’ என்ற பட்டம் கிடைத்ததும் அம்மேலதிகக் கொடுப்பனவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கும் தொலைபேசி ஒலிக்கிறது. அதனைப் பெருமையெனக் கருதுவோரும் உளர்! வாரம் 40 மணித்தியாலத்துக்குப் பதிலாக 65 மணித்தியாலம் உழைத்து ஒன்றரை மடங்கு சம்பளம் பெறுபவன், மணித்தியாலக் கணக்கில் முன்னையதைவிடக் குறைவாகவே பெறுகிறான். இச்சிறு வகுத்தலைத்தானும் செய்து பாராதவர்களே அறிவுரை கூற முன்வருகின்றனர்.

2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் குறைந்த சம்பளத்தில் வாழ்வது எங்ஙனம் என்பர். நியாயமான வினா. நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு இத்தெரிவே இல்லை என்பதும் உண்மை. எனினும் வினவுவோர் அத்தொழிலாளிக்காக வினவுவதில்லை.

இன்னொன்று. பிற்பகல் ஒன்றரைக்கு முடியும் ஆசிரியத் தொழில் ‘பெண்ணுக்கு ஏற்றது’ என மெச்சப்படுகிறது; வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில் என்பதே அதன் பொருள். அதே நேரத்தை ஆண் தன் வீட்டுக்கென வேண்டினால் மட்டும் அது சோம்பலாவது எவ்வாறு?