சட்டைக்கும் பெயர் உண்டு



லீவுக்கு சாந்தோம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா எங்களை பஸ்ஸில் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே 1948-ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. துப்பாக்கி, பதக்கம், பழைய ராணுவ உடுப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். நான் உடுப்பையே பார்த்துக்கிட்டு நின்றேன். இதைப் போட்டிருந்தவர் யார்? அவர் பேரப்பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?

ஏன் அப்படித் தோன்றியது தெரியுமா? எங்கள் தாத்தா 1971 போருக்குப் போனவர். மெட்ராஸ் ரெஜிமென்ட். அவர் இறந்த பிறகு அவருடைய பச்சைச் சட்டையை அம்மா தெரியாமல் பழைய துணியோடு போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிட்டாங்க. பாட்டி அன்னைக்குச் சாப்பிடவே இல்லை.

பழைய ராணுவ உடுப்பு சேர்க்கிறவர்கள் உலகம் பூரா இருக்கிறார்களாம். மாமா சொன்னார். உடுப்பைப் பார்த்தே காலம் சொல்லலாம். மேஜரின் தோள்பட்டையில் கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். 1950-ல் குடியரசு ஆன பிறகு அசோகச் சிங்கம். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தின் ஓரத்தில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதை வைத்துக் குடும்பத்தைத் தேடுகிறவர்களும் உண்டு.

என் கருத்து இதுதான். சும்மா சேர்த்து வைத்தால் அது துணி. பெயரைத் தேடினால்தான் அது ஒரு மனிதர்.

“செத்தவர் பெயர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று சிலர் கேட்பார்கள். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்த 1,000 பேருக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. அவர்களைப் புதைத்தது இந்தியாவில் வேறு வேறு ஊர்களில். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியவில்லை. ஆனால் பெயரை விட்டுவிடவில்லையே!

நம் ஊரிலும் மிலிட்டரிக்குப் போனவர்கள் வீடு இருக்கிறது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சட்டை இருந்தால் பாத்திரத்துக்குப் போட வேண்டாம். ஒரு தாளில் பெயர், எண், ரெஜிமென்ட், ஊர் எழுதி அந்தச் சட்டைப் பையில் வையுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

தாத்தா சட்டைக் காலரின் உள்பக்கம் மையால் அவர் நம்பர் எழுதியிருந்தது. அந்தச் சட்டை இப்போது யாரிடம் இருக்கிறதோ! அவர் காலரைத் திருப்பிப் பார்க்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

சிந்திப்போம்! பெயர்களைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி